ஆத்துமேட்டுவலசில் பருப்பு வெந்த நாள்

ஒரு பெண்பிள்ளை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். அண்டா நிறையப் பருப்பைப் போட்டு வேகவைத்தாள். மூன்று நாளாகியும் அது வேகவில்லை. கடைசியில் போலீஸ் வந்து, அவளை விட்டுவிட்டுப் பருப்பைக் கைது செய்துகொண்டு போனது. 1997ஆம் வருடம் ஆடி மாதத்தில் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தவர்களுக்கெல்லாம் இந்தச் செய்தி இலவசமாகக் கிடைத்தது. காங்கேயத்தில் இதுவே வேறு மாதிரி. அங்கே பருப்பு நீலமாக மாறியிருந்தது. கிணத்துக்கடவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்பிள்ளை நொய்யல் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சபதமே செய்துவிட்டாள்.

விசாரிக்கப் போனால் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கலெக்டர் ஆபீஸ் காவலருக்கு எத்தனையோ மனுக்காரர்கள் நினைவில் இருந்தார்கள், அடுப்பு மட்டும் இல்லை. பருப்பு நீலமாகவில்லை, கடைசிவரை பருப்பு நிறத்திலேயே இருந்தது. சபதத்துக்கு இடுப்பளவு தண்ணீர் வேண்டும். அந்த வருடம் ஆற்றில் கணுக்காலளவுதான் ஓடியது, அதிலும் யாரும் காலை வைப்பதில்லை. எல்லாம் உதிர்ந்தபின் மிஞ்சியது இரண்டு. பருப்பு வேகவில்லை என்பது நிஜம். அந்தப் பெண்பிள்ளையின் பெயர் மாசாணியம்மாள் என்பதும் நிஜம்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, வடக்கே இரண்டு மைல் நடந்தால் நொய்யல் கரையில் ஆத்துமேட்டுவலசு. அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் பதினான்கு வருடமாகச் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள் மாசாணியம்மாள். கணவன் அங்கப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் புவனாவைக் கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் ஒற்றை அறை வீடு, ஒரு ரேடியோ, கையில் பருப்புக் கடைகிற பக்குவம். கொங்கு நாட்டில் பருப்பை வேகவைப்பது பாதி வேலைதான், மத்தைப் போட்டுக் கடைய வேண்டும். அவள் கடைந்த பருப்பில் ஒரு முழுப் பருப்பைத் தேடி எடுத்துக் காட்டுகிறவனுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று ஊரில் பேச்சு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் நாளே ஆள் வந்துவிடும். "ஏனுங்கக்கா, நாளைக்குப் பருப்புக் கடைய வந்தர்றீங்களா?"

1995 வாக்கில் தண்ணீர் மாறியது. ஆற்றில் என்ன ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கே பனியன் துணிக்குச் சாயம் போடுகிற பட்டறைகளிலிருந்து வந்தது, ஒருநாள் கத்தரிப்பூ நிறம், ஒருநாள் மருதாணி நிறம். பள்ளிக்கூடத்துக் குழாயில் வந்ததோ ஆற்றோரத்து போர்வெல் தண்ணீர். அது கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அவளுடைய கெட்ட நேரம் அதில்தான் இருந்தது. சிவப்பாக வந்திருந்தால் யாரும் நம்பியிருப்பார்கள். தெளிந்த தண்ணீருக்குள் உப்பு ஏறியிருந்ததைப் பருப்பு ஒன்றுதான் முதலில் கண்டுபிடித்தது. வேக மறுத்தது.

வேகாத பருப்பு சரளைக்கல் மாதிரி சாம்பாரின் அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் வட்டிலில் கிடந்த ஒன்றிரண்டு பருப்பை விரலால் சுண்டி ஒருவர் மேல் ஒருவர் அடித்து விளையாடினார்கள். வீட்டுக்குப் போய், "இன்னிக்கும் சாம்பாருல பருப்பில்ல" என்றார்கள். அவள் முதல் நாள் சாயங்காலமே பருப்பை ஊறவைத்துப் பார்த்தாள். விறகை இரண்டு பங்கு எரித்துப் பார்த்தாள். விறகு தீர்ந்தது, பருப்பு அசையவில்லை. ஊருக்கு இப்போது ஒன்றுக்கு இரண்டாகக் கேள்வி கிடைத்தது. பருப்பு எங்கே போகிறது, விறகு எங்கே போகிறது?

சத்துணவு அமைப்பாளர் சென்னகிருஷ்ணன் மோசமான மனிதர் கிடையாது. மேலிருந்து யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் சமையல் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, பருப்பு வர்ற வழியில எங்கியாச்சும் எறங்கிக்குதுங்களா?"

"அண்டாவுலதானுங்க கெடக்குது. வேக மாட்டீங்குது."

"பதினாலு வருசமா வெந்துச்சுங்களே."

"தண்ணி மாறிப்போச்சுங்க."

அவர் குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. மேல இருந்து கேட்டா நான் என்னத்தச் சொல்றதுங்க?"

ஒருத்தியைத் திருடி என்று சொல்வதற்கு எங்கள் பக்கம் இவ்வளவு மரியாதை செலவாகிறது. அடுத்த வாரம் பருப்பு டின்னுக்குப் பூட்டு வந்தது. சாவி அவரிடம். "உங்களுக்கு எதுக்குங்க வீண் பாரம்னுதான்," என்றார்.

அதற்குப் பிறகு கல்யாண வீட்டு ஆள் வருவது நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. எதிரில் வந்தால் "சாப்டீங்களா?" என்று கேட்டார்கள், பதிலுக்கு நிற்காமல் போனார்கள். அவள் மத்தியானம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தன் துணிப்பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பையில் ஒன்றுமில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லையே. அதனால் பையே சொல்லட்டும் என்று விட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு முந்நூறு காலடி இருக்கும். புரட்டிய பையோடு அந்த முந்நூறு காலடியையும் இரண்டு வருடம் நடந்தாள்.

ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "ஆத்தப் பத்திச் சொல்லாதீங்கக்கா. எம்பட ஊட்டுக்காரரு அங்கதான் வேலைக்குப் போறாரு." அவள் வீட்டுக்காரர் மட்டுமா? காலை ஆறரைக்குப் பட்டறை வேன் வந்து நின்றால் ஊரே பாதி காலியாகிவிடும். சாயங்காலம் அதே வேனில் விரல் நகமெல்லாம் ஊதாவாகத் திரும்பி வரும். அந்தச் சம்பளத்தில்தான் வீடுகளில் டிவி ஓடியது. ஆறு கெட்டுவிட்டது என்று ஒத்துக்கொள்வதைவிட மாசாணி எடுத்துவிட்டாள் என்று ஒத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பூட்டுப் போட்ட அதே சென்னகிருஷ்ணன், பிள்ளைகளின் தாய்தகப்பன் எதிரில் நின்று, "இந்தம்மா பருப்ப எடுக்கலீங்க" என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

மாரியாத்தா நோம்பிக்கு மகள் வீட்டுக்குப் போனாள். கிணத்துக்கடவில் புவனா வீட்டுத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரியாமல் பருப்பை அடுப்பில் வைத்தாள். கொதி வந்ததும் நுரை பொங்கியது. சித்த நேரத்தில் பருப்பு மலர்ந்து கரைந்தது. மத்தைப் போட்டதும் வெண்ணெய். புவனா வந்து பார்த்தபோது அம்மா அடுப்புக்கு எதிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, தீஞ்சு போச்சா?"

"இல்ல கண்ணு. வெந்துபோச்சு."

திரும்பும்போது ஒரு பால் கேனில் அந்தத் தண்ணீரை நிரப்பி எடுத்துக்கொண்டாள். உக்கடத்தில் பஸ் மாறிக் காங்கேயம் வண்டியில் ஏறினாள். கண்டக்டர் ஊரைக் கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, கேனைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பாலுக்கு லக்கேஜ் போடோணுமுங்க."

"பாலில்லீங்க. தண்ணி."

"தண்ணியா? உங்கூருக்குப் பக்கத்துலதான ஆறே ஓடுது?"

"அதனாலதானுங்க."

கண்டக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு லக்கேஜ் போடாமல் நகர்ந்தார். அந்த வருடத்தில் அவள் பக்கம் நின்ற முதல் அரசு ஊழியர் அவர்தான், அதுவும் பல்லடம் வரைக்கும். அங்கே டூட்டி மாறிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு சட்டியில் ஒரே பருப்பைப் போட்டு வேகவைத்து, சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்று கரைந்திருந்தது, மற்றது சரளைக்கல். அவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அம்மணி, நீங்க கொண்டாந்த தண்ணி. அதுல சோடா உப்புப் போட்டீங்களோ என்னமோன்னு யாராச்சும் கேட்டா? நான் கேக்கலீங்க. கேக்கறவங்க கேப்பாங்க."

கேட்கிறவர்கள் கேட்க முடியாத ஒரு சாட்சி வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. நொய்யல் பாதுகாப்புக் கமிட்டிக்குப் போனாள்.

அப்படியொரு கமிட்டி ஊரில் இருந்தது. தலைவர் தம்பிதுரை, ஆற்றங்கரையில் எட்டு ஏக்கர் தென்னை வைத்திருந்தவர். மரங்கள் ஒவ்வொன்றாகக் குருத்துக் கருகிக்கொண்டிருந்தன. மாதம் ஒருமுறை அவர் வீட்டில் கூட்டம் நடக்கும். தீர்மானம் போடுவார்கள், மனு எழுதுவார்கள், உப்புமா சாப்பிடுவார்கள். மனுக்களின் பிரதிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஆற்றைக் காப்பாற்றினார்களோ இல்லையோ, மனுக்களை ஒரு கரையான் அண்டாமல் காப்பாற்றினார்கள். உறுப்பினர் ஒன்பது பேரில் நான்கு பேர் வீட்டுப் பையன்கள் சாயப்பட்டறை வேனில் போகிறவர்கள் என்பதால் எந்தத் தீர்மானத்திலும் பட்டறை என்கிற சொல் வராது, 'மேற்படி காரணங்களால்' என்று வரும்.

தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாள்தான் ஊரில் மாசாணியம்மாளை இன்னமும் வீட்டுக்குள் கூப்பிடுகிறவள். வாரத்தில் ஒருநாளாவது, "உள்ள வா மாசாணி, காப்பி வெச்சிருக்கறேன்" என்பாள். அவர்கள் வீட்டில் நிலத்துக்கடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தார்கள். அந்த வீட்டுக் காப்பி கரிக்காது. பாலும் திரியாது. அந்த அரை மணி நேரத்தில் மாசாணியம்மாள் ஒரு வாரத்துப் பேச்சைப் பேசிவிடுவாள்.

பருப்புக் கதையைக் கேட்டதும் தம்பிதுரைக்குக் கண் விரிந்தது. "ஒம்பது வருசமா எழுதறோமுங்க, ஒரு அதிகாரிக்குப் புரியல. பருப்புன்னா புரியுமுங்களே. அவங்களும் சாப்புடறவங்கதான?"

எழுதினார்கள். இந்த முறை மனுவில் உப்பின் அளவோ ஏக்கர் கணக்கோ இல்லை. இரண்டு அண்டா, ஒரே பருப்பு, ஒரே விறகு. ஒன்றில் லாரித் தண்ணீர், ஒன்றில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர். அதிகாரி அவர்கள் நேரில் வந்து இரண்டையும் ருசி பார்த்துச் சொல்ல வேண்டியது. கோயமுத்தூரில் ஒரு ஆபீசிலிருந்து, எந்த ஆபீஸ் என்பதை விட்டுவிடுவோம், பதினெட்டே நாளில் பதில் வந்தது. வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறோம். கமிட்டி திகைத்துப்போனது. ஆற்றுக்காக ஒருவர் வருவார் என்பதற்கு அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. மாலைக்கு யார் போவது, நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று இரண்டு கூட்டம் நடந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மாசாணியம்மாள் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மைக் கழுவி, பள்ளிக்கூட வளாகத்தில் வைத்து, ஒன்றில் தம்பிதுரை வீட்டுத் தொட்டித் தண்ணீரையும் மற்றதில் குழாய்த் தண்ணீரையும் தானே நிரப்பினாள். சாக்பீஸால் ஒன்றில் 'நல்லது' என்றும் ஒன்றில் 'நம்முது' என்றும் எழுதினாள். பருப்புச் சாவியைச் சென்னகிருஷ்ணன் அவர் கையாலேயே கொண்டுவந்து, பூட்டைத் திறந்து, இரண்டு பங்காக அளந்து கொடுப்பது என்று பேச்சு.

புதன்கிழமை ஜீப் சொன்ன நேரத்துக்கே வந்தது. இறங்கியவர் இளைஞர், கண்ணாடி போட்டவர், வணக்கம் வைத்த எல்லோருக்கும் தனித்தனியாகத் திருப்பி வணக்கம் வைத்தார். பிள்ளைகளின் தாய்தகப்பன்கள் சுவரோரம் நின்றார்கள். பட்டறைக்கு லீவு போட்டு வந்தவர்களும் இருந்தார்கள், சும்மா வேடிக்கை பார்க்க. மாசாணியம்மாள் புதுச் சேலை கட்டியிருந்தாள். இரண்டு அடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தாள். டிரம்களிலிருந்து மொண்டு ஊற்றினாள்.

கொதி வந்தது. 'நல்லது' அண்டாவில் நுரை பொங்கியது. அவள் கரண்டியால் நுரையை வழித்துவிட்டு மற்ற அண்டாவைப் பார்த்தாள். அதிலும் நுரை பொங்கியது.

பருப்பு நுரைக்க வேண்டுமென்றால் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. அரை மணி நேரத்தில் இரண்டு அண்டாவிலும் பருப்பு மலர்ந்து, கரைந்து, மஞ்சளாகத் தளதளத்தது. அதிகாரி இரண்டு கிண்ணத்திலும் ருசி பார்த்தார். நாகரிகமாக உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுமே ரொம்ப நல்லா இருக்குதுங்களே."

சுவரோரத்தில் யாரோ சிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் கொட்டகைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாசாணியம்மாள் 'நம்முது' டிரம்முக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். தித்திப்பாக இருந்தது.

"இது நம்ம தண்ணி இல்லீங்க," என்றாள்.

"பின்ன யாரு தண்ணிங்க அம்மணி?" சென்னகிருஷ்ணனின் குரலில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நாச்சியம்மாள் மட்டும் கையிலிருந்த டம்ளர்த் தட்டைப் பார்த்தாள். நாச்சியம்மாளின் சேலைக் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

கூட்டம் சேர்வதற்குச் சற்று முன், மாசாணியம்மாள் புதுச் சேலை மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது பிற்பாடு தெரிந்தது. நாச்சியம்மாள் வளாகம் பெருக்க வந்திருக்கிறாள். டிரம்மைப் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்காரர் பெயரில் கடிதம் போட்டு அழைத்த ஒறம்பரை, வீட்டு விருந்தாளி, கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய வாய், இந்த ஊருக்கு முதல்முறையாக வருகிறவர், அவர் வாயில் இந்த உப்புத் தண்ணீரை எப்படி வைப்பது? பண்ணையாளைக் கூப்பிட்டு டிரம்மைக் கவிழ்த்து, தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டாள். துரோகம் என்று ஒரு எண்ணமும் கிடையாது. அன்றைக்கு அந்த வளாகத்தில் எல்லோரையும்விட மரியாதை தெரிந்தவள் அவள்தான்.

மாசாணியம்மாளுக்கு முழுக்கதையும் தெரியாது, ஆனால் நனைந்த கரை போதுமானதாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் மேலிருந்த கறை அங்கேயே, எல்லோர் எதிரிலும் போய்விடும். அந்த ஒரு வார்த்தையில் நாச்சியம்மாள் வெளியூர் மனிதர் முன்னால் தலைகுனிந்து நிற்பாள். வாயைத் திறந்தாள்.

"தெரியலீங்க," என்றாள்.

ஜீப் கிளம்பியது. வளாகத்தைத் தாண்டுவதற்குள் மாசாணியம்மாள் அதன் பின்னாலேயே ஓடினாள். கையில் அவள் வீட்டுச் சோறு கொண்டுவருகிற தூக்குப்போசி, குழாயில் பிடித்த தண்ணீர் ததும்ப. ஓட்டமும் நடையுமாகப் போய் ஜன்னலில் நீட்டினாள்.

"சார், இத மட்டும் சோதிச்சுப் பாருங்க. இதுதானுங்க நாங்க குடிக்கறது."

அதிகாரி சங்கடப்பட்டார். இதற்கென்று பாட்டில் இருக்கிறது, சீல் இருக்கிறது, பாட்டில் பெட்டியை ஆபீசில் வைத்துவிட்டு வந்துவிட்டார். ஆனால் ஒரு வயதான பெண்மணி ஓடிவந்து நீட்டுவதை வாங்காமல் போக அவருக்கும் மனசில்லை. போசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "பாத்துச் சொல்றேங்கம்மா. போசியும் பத்திரமா வந்து சேரும்." மூடியைத் திருகி இறுக்கினார். மூடியில் 'அங்கப்பன்' என்று பெயர் வெட்டியிருந்தது.

அவருடைய அறிக்கை வந்தது. இரண்டு மாதிரிகளிலும் பருப்பு நன்கு வெந்ததாகவும், கிராமத்தினரின் உபசரிப்பு நன்றிக்குரியது என்றும் இருந்தது. போசியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள் யாரோ அந்த அறிக்கையை நகல் எடுத்து, கண்ணாடி போட்டு மாட்டிவிட்டதாகக் கேள்வி. கமிட்டி கூடியது. மேற்படி காரணங்களால் கமிட்டியின் பணிகள் தற்காலிகமாக நிறுத்தப்படுவதாகத் தீர்மானம் போட்டது. உப்புமா வழக்கம்போல.

ஜீப் வந்துபோன அன்று பொழுதோடவே, விளக்கு வைக்கிற நேரத்தில், நாச்சியம்மாள் மாசாணியம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். உட்காரவில்லை.

"நாந்தான் மாத்தி ஊத்திப்போட்டேன், மாசாணி."

"தெரியுமுங்கக்கா."

"தெரிஞ்சுமா சொல்லாம நின்ன?"

"எப்படிங்க சொல்றது? நீங்க ஒருத்தருதான என்னைய ஊட்டுக்குள்ள கூப்புட்டுக் காப்பி குடுக்கறீங்க."

நாச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வித்தியாசத்த வாயில சொல்லிக்கலாமுன்னு நெனச்சேன். வந்தவங்க குடிச்சுத்தான் பாக்கோணுமா?" என்றாள். பிறகு போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் காப்பிக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தான் யாருக்காக வாயை மூடினாளோ அவளே தன் முகத்தைப் பார்க்க முடியாமல் கோயிலுக்கு வேறு வழியாகப் போகிறாள் என்று மாசாணியம்மாளுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அப்படித்தான் வாரம் ஒருமுறை கிடைத்த அந்த அரை மணி நேரமும் போனது. வாரத்துப் பேச்சு முழுக்க உள்ளேயே தங்கியது. ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டாள்.

பருப்பு டின்னில் பூட்டு தொங்கியது. சென்னகிருஷ்ணன் தினமும் காலையில் வந்து அளந்து போட்டுவிட்டு, "வெந்துச்சுங்களே அன்னைக்கி," என்பார். குத்திக்காட்டுவதற்காக இல்லை. அவருக்கு அது உண்மையாகவே புரியவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு சொல்லிவிட்டு, மாசாணியம்மாள் கோயமுத்தூர் போனாள். ஆபீசைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. கண்ணாடி போட்ட அதிகாரி மாறுதலில் போய்விட்டிருந்தார். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். சேம்பிள் நம்பர் கேட்டார்கள். பாட்டிலா, கேனா என்றார்கள். "போசிங்க," என்றாள். போசிக்கு ரிஜிஸ்டர் இல்லை என்றார்கள். கடைசி மேஜையில் டைப் அடிக்கிற பெண், கீதா என்று பெயர், அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"வேகாத வெயில்ல வந்திருக்கறீங்க. டீ வருது, குடிச்சுப்போட்டுப் பேசலாமுங்கம்மா."

கடையிலிருந்து ஆபீஸ் ஆள் டீ வாங்கிக்கொண்டு வந்தார். தூக்குப்போசியில். கீதா மூடியைத் திருகித் திறந்து மேஜை மேல் வைத்தாள். அங்கப்பன் என்ற எழுத்து மேல்பக்கமாகத் தெரிந்தது.

மாசாணியம்மாள் ஸ்டூலிலிருந்து குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இந்தப் போசி ஏதுங்க அம்மணி?"

"அதுங்களா? முன்னால இருந்த சார் எங்கியோ கிராமத்துல வாங்கியாந்து வெச்சது. அவருக்கு மாத்தல் வந்துருச்சு. பத்துப் பாஞ்சு நாள் அப்பிடியே இருந்துச்சுங்க, யாரும் வரல. அதுல இருந்த தண்ணிய ஜன்னல்ல இருக்கற ரோசாச்செடிக்கு ஊத்திப்போட்டேன்."

மாசாணியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். மண் தொட்டி இருந்தது, மண் இருந்தது.

"செடிங்க?"

"பட்டுப்போச்சுங்க. ரெண்டு மொட்டு விட்டிருந்துச்சு, அத்தனையும் கருகிப்போச்சு. வெயில்லயும் போயிருக்கலாமுங்க." சொல்லிக்கொண்டே வந்த கீதா, எதிரில் இருந்தவளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். போசி மூடியைப் பார்த்தாள். "உங்களுதுங்களா?"

"எம்பட ஊட்டுக்காரரு பேருங்க அது."

கீதா எழுந்து நின்றுவிட்டாள். டீயை வேறு ஏதாவதில் ஊற்றிவிட்டுக் கொடுத்துவிடலாமென்று சுற்றுமுற்றும் தேடினாள். ஏழு பேருக்கான டீ, ஆபீசில் வேறு பாத்திரம் இல்லை. மாசாணியம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"போசி இருக்கட்டுங்க. எல்லாரும் குடிக்கட்டும். செடி பட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அத ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கறீங்களா?"

"எதுக்குங்கம்மா?"

"எங்கூர்ல ஒருத்தருகிட்டக் காட்டோணும்."

கீதா ஜன்னலைப் பார்த்தாள், உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "எழுதறதுக்கு நான் யாருங்க, டைப்பிஸ்ட்டுதான்," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "கையில எழுதித் தரேன். ஆபீஸ் தாளுல வேண்டாம். இப்ப எல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. காங்கேயத்துல எங்க சின்னம்மா ஊடு இருக்குதுங்க. வர்ற மாசம் வாரேன். போசிய நல்லாத் தேச்சுக் கழுவி, உள்ள சீட்ட வெச்சு, நானே உங்கூருக்கு வந்து குடுத்தர்றேன். சரிங்களா?"

"சரிங்க அம்மணி. அவசரமில்லீங்க."

அவசரமில்லை என்று ஏன் சொன்னாள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

அது 1998 தை. இப்போது 1999 கார்த்திகை. கீதா வேலையை விட்டுவிட்டாள் என்று ஒருவர் சொல்கிறார், கல்யாணமாகிச் சேலம் பக்கம் போய்விட்டாள் என்று இன்னொருவர். மாசாணியம்மாள் இரண்டையும் நம்பவில்லை. அந்தப் பெண் சொன்னால் செய்கிறவள் என்கிறாள். காங்கேயம் பஸ்ஸில் இறங்கியவர்கள் நடந்து வந்து சேர்கிற நேரம் சமையல் கொட்டகையிலிருந்து வெளியே வந்து ஒருமுறை பாதையைப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புகிறாள். ஒரு தூக்குப்போசியும், அதற்குள் ஒரு துண்டுச் சீட்டும் அவளுக்கு வரவேண்டியிருக்கிறது.